வாயும் துருத்தியும்: உயிர்மீட்பு வரலாற்றில் தொடுதலின் அரசியல்

1732ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் அல்லோவா என்ற ஊரில் ஒரு நிலக்கரிச் சுரங்கம் தீப்பிடித்து, உள்ளே புகை அடைத்துக் கிடந்தது. இறங்கிப்போன தொழிலாளி ஒருவரை மூச்சும் நாடியும் அற்ற நிலையில் மேலே தூக்கிவந்தார்கள். வில்லியம் டாஸக் என்ற அறுவை மருத்துவர் அவரது மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, பலங்கொண்ட மட்டும் ஊதினார். நெஞ்சு உயர்ந்தது. கையை வைத்துப் பார்த்தபோது சில துடிப்புகள் தட்டுப்பட்டன. நாலு மணி நேரத்தில் அந்த மனிதர் நடந்து வீட்டுக்குப் போனார். நாலு நாளில் மறுபடியும் வேலைக்குப் போய்விட்டார். 1744இல் டாஸக் இதை எழுதி வெளியிட்டார். வாய்வழி மூச்சூட்டலைப் பற்றி மருத்துவ இலக்கியத்தில் கிடைக்கும் முதல் தெளிவான பதிவு இது என்பார்கள்.

மருத்துவ வரலாறுகள் டாஸக்கின் மூச்சோடு கதையை முடித்துக்கொள்கின்றன. எனக்கு அந்த நாலாவது நாள்தான் கண்ணில் நிற்கிறது. அன்றைய ஸ்காட்லாந்தில் நிலக்கரித் தொழிலாளிகள் சட்டப்படியே சுரங்கத்தோடு கட்டப்பட்டவர்கள். 1606ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் பிணைத்தது. 1799 வரை அது முழுதாக அறுபடவில்லை. சுரங்கம் கைமாறினால் ஆளும் சேர்ந்து கைமாறுவான். அப்படிப்பட்ட ஓர் உடம்பின் கரிபடிந்த வாயில் படித்த ஒருவர் தன் வாயை வைத்திருக்கிறார். இது லேசுப்பட்ட விஷயமல்ல. உயிர்மீட்புக் கலையின் வரலாற்றை அறிவு வளர்ந்த வரலாறாக மட்டுமே எழுதிவைத்திருக்கிறார்கள். யார் யாரைத் தொடலாம், எவர் மூச்சு எவருக்குள் போகலாம் என்ற தகராறின் வரலாறாகவும் அதை வாசிக்க வேண்டியிருக்கிறது. கருவிகள் பெரும்பாலும் அந்தத் தகராறின் நடுவே பிறந்தவை.

முதலில் ஒரு சொல் தெளிவு. தமிழில் ஹார்ட் அட்டாக்கையும் 'மாரடைப்பு' என்கிறோம், இதயம் நின்றுபோவதையும் 'மாரடைப்பு' என்கிறோம். இரண்டும் வேறு. முன்னது இதயத் தசைக்கு ரத்தம் போகிற குழாய் அடைபடுவது. ஆள் பேசிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு நடந்துபோகக்கூடும். பின்னது இதயம் ரத்தத்தை வெளியே தள்ளுவதையே நிறுத்திவிடுவது. ஆள் அங்கேயே சாய்வான். சில நிமிஷங்களில் மூளை சாகத் தொடங்கும். இங்கே பேசுவது பின்னதைப் பற்றி. பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர்களுக்கு இந்தப் பிரிவினையெல்லாம் கிடையாது. அவர்கள் முன்னே கிடந்தது 'செத்தமாதிரி' இருக்கிற உடம்பு, அதிகமும் நீரில் மூழ்கியவனுடையது.

கால்வாய்களின் நகரமான ஆம்ஸ்டர்டாமில் 1767இல் மூழ்கியவர்களை மீட்பதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1774இல் லண்டனில் ஒன்று. பின்னாளில் ராயல் ஹ்யூமேன் சொசைட்டி என்று பெயர் பெற்றது. இவர்கள் பரிந்துரைத்தவற்றைப் படித்தால் சிரிப்பும் திகிலும் சேர்ந்தே வரும். உடம்பைச் சூடாக்கு, தேய்த்துவிடு, வாயில் ஊது, ரத்தம் எடு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசனவாய் வழியே புகையிலைப் புகையை உள்ளே செலுத்து. அதற்கென்று துருத்தியும் குழாயும் அடங்கிய பெட்டிகள் தேம்ஸ் நதிக்கரையில் வைக்கப்பட்டிருந்தன. உடலைக் கரைசேர்ப்பவருக்குப் பரிசு. அதைத் தன் வீட்டுக்குள் கொண்டுவர அனுமதிக்கிறவருக்கும் பரிசு. இரண்டாவதைக் கவனிக்க வேண்டும். பாதிப் பிணத்துக்குக் கதவைத் திறக்கக் காசு கொடுக்க வேண்டியிருந்திருக்கிறது.

1782 வாக்கில் லண்டன் சங்கம் வாயை விட்டுத் துருத்திக்கு மாறியது. காரணம் கேட்டால் வேதியியல் என்பார்கள். ப்ரீஸ்ட்லியும் லவாய்சியேவும் காற்றைப் பிரித்துக் காட்டிய காலம் அது. வெளிவிடும் மூச்சு 'கெட்டுப்போன' காற்று, அதை இன்னொருவனுக்குள் ஊதி என்ன பிரயோஜனம் என்ற கேள்வி எழுந்தது. ஆனால் அந்தக் காலத்து எழுத்துக்களில் வேதியியலோடு கூடவே அருவருப்பும் ஒலிக்கிறது. குழந்தை மூச்சில்லாமல் பிறந்தால் வாயை வைத்து ஊதுவது மருத்துவச்சிகள் வழிவழியாகச் செய்துவந்தது. கனவான்களின் கையில் வந்த கலைக்கு அந்த வாடை ஆகவில்லை. அறிவியலும் அருவருப்பும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துக்கொண்டன. (அருவருப்பைச் சாஸ்திரமாக்குவது ஐரோப்பாவின் தனிச்சொத்து அல்ல. பிணத்தைத் தொடுவதற்கென்றே ஒரு சாதியை ஒதுக்கிவைத்துவிட்டு, தொட்டதாலேயே அது தாழ்ந்தது என்று சொல்லப் பழகிய நமக்கு இது புரியாததல்ல.)

துருத்தி கொல்லனுடைய சாமான். அதற்கு நுரையீரலின் அளவு தெரியாது. 1820களின் கடைசியில் பிரான்சில் லெருவா என்பவர் விலங்குகளில் செய்துகாட்டினார்: வேகமாக அடித்தால் நுரையீரல் கிழியும், உயிரே போகும். லண்டன் சங்கம் 1830களில் துருத்தியைக் கைவிட்டது. புகையிலை அதற்கு முன்பே போய்விட்டது; 1811இல் பெஞ்சமின் ப்ராடி அதன் நச்சுத்தன்மையை நிரூபித்திருந்தார். துருத்தி போனதும் வாய்க்குத் திரும்பியிருக்க வேண்டும், இல்லையா? திரும்பவில்லை. உடம்பைப் புரட்டுவது, கைகளைத் தூக்கி இறக்குவது, முதுகை அமுக்குவது என்று முகத்தோடு முகம் சேராத முறைகள் வரிசையாக வந்தன: 1856இல் மார்ஷல் ஹால், 1858இல் சில்வெஸ்டர், 1903இல் ஷேஃபர், 1932இல் டென்மார்க்கின் ஹோல்கர் நீல்சன். நூறு வருஷத்துக்கு மேல் முதலுதவிக்காரர்கள் இவற்றைத்தான் கற்றார்கள், கற்பித்தார்கள்.

இவற்றால் நுரையீரலுக்குள் போதிய காற்றே போகவில்லை என்று தெரியவர 1950கள் ஆயின. ஜேம்ஸ் எலாம் 1946இல் மினியாபொலிஸ் போலியோ வார்டில் நீலம்பாரித்த ஒரு குழந்தைக்கு யோசிக்காமல் குனிந்து ஊதியவர். பின்னால், வெளிவிடும் மூச்சிலேயே போதுமான ஆக்ஸிஜன் மிச்சமிருக்கிறது என்று அளந்து காட்டினார். அவரைச் சந்தித்த பீட்டர் சாஃபர் 1957இல் பால்டிமோரில் தன்னார்வலர்களுக்கு மயக்கமும் தசையை முடக்கும் மருந்தும் கொடுத்துப் படுக்கவைத்து, பழைய முறைகளையும் வாய்முறையையும் ஒப்பிட்டார். நினைவிழந்தவனின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது. தலையைப் பின்னுக்குச் சாய்த்துத் தாடையை உயர்த்தாதவரை முதுகை எத்தனை அமுக்கினாலும் வீண். டாஸக் செய்ததைத் திரும்பச் செய்ய மருத்துவத்துக்கு இருநூற்றிச் சொச்சம் வருஷம் பிடித்தது.

மூச்சின் கதை இப்படி என்றால் இதயத்தின் கதையில் பணம் நேரடியாகவே உள்ளே வருகிறது. 1803 ஜனவரியில் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடம்பில் ஆல்டினி மின்சாரம் பாய்ச்சித் தாடையையும் கையையும் அசைத்துக் காட்டினார். அது வேடிக்கை. 1899இல் ஜெனீவாவில் ப்ரெவோ, பத்தெல்லி இருவரும் நாய்களில் கண்டது வேறு தரம்: சிறிய மின்னோட்டம் இதயத்தைத் தாறுமாறாக நடுங்கவைக்கும், பெரிய மின்னோட்டம் அந்த நடுக்கத்தை நிறுத்தும். இதை ஏறக்குறைய முப்பது வருஷம் யாரும் சீந்தவில்லை. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு மின்சாரம் போய், கம்பத்தில் ஏறும் லைன்மேன்கள் செத்து விழ ஆரம்பித்த பிறகுதான், 1920களின் இறுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆராய்ச்சி தொடங்கியது. மின்சாரக் கம்பெனிகளின் அக்கறை அதன் பின்னால் இருந்தது. நடத்தியவர் கௌவன்ஹோவன், மருத்துவரல்ல, மின்பொறியாளர். கம்பெனிக்கு ஆள் போவது நஷ்டம் என்ற கணக்கிலிருந்து பிறந்ததுதான் உலகத்துக்கே பொதுவான ஒரு கருவி. இந்த முரணை ஒரே பக்கமாக வாசித்துத் தீர்ப்பெழுத எனக்கு விருப்பமில்லை.

1947இல் க்ளீவ்லாந்தில் க்ளாட் பெக் ஒரு பதினாலு வயசுப் பையனின் இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டபோது மார்பு திறந்திருந்தது. அன்று இதயம் நின்றால் செய்யக்கூடியது அதுதான்: கத்தியால் மார்பைப் பிளந்து, இதயத்தைக் கையில் பிடித்துப் பிசைவது. அறுவை அரங்குக்கு வெளியே விழுந்தவன் விழுந்தவன்தான். 1958இல் கௌவன்ஹோவனின் கூடத்தில் கை நிக்கர்பாக்கர் என்ற மாணவர் ஒன்றைக் கவனித்தார். கனமான மின்தகடுகளை நாயின் மார்பில் வைத்து அழுத்தும்போதே, மின்சாரம் பாய்வதற்கு முன்னால், ரத்த அழுத்தம் ஏறுகிறது. கருவியின் எடை செய்வதைக் கை செய்தால்? அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட் சேர்ந்துகொண்டார். 1960 ஜூலையில் மூவரும் வெளியிட்ட கட்டுரையில் இருபது நோயாளிகள்; பதினாலு பேர் பிழைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குள், அதிகமும் மயக்க மருந்தின்போது இதயம் நின்றவர்கள் என்பதால் அந்த விகிதத்தைத் தெருவுக்குப் பொருத்த முடியாது. ஆனால் அவர்கள் சொன்ன செய்தி புரட்சிகரமானது: யார் வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும் செய்யலாம், இரண்டு கைகள் போதும்.

இது புதுசு அல்ல என்பதுதான் வேடிக்கை. 1891இல் கோட்டிங்கனில் ஃப்ரீட்ரிஷ் மாஸ் மார்பை வெளியிலிருந்தே அழுத்தி நோயாளிகளைப் பிழைக்கவைத்து, மறுவருஷம் எழுதியும் இருந்தார். எழுபது வருஷம் அது தூசியில் கிடந்தது. கத்தியின் கௌரவம் வெறுங்கைக்கு இல்லை என்பது என் ஊகம்.

பனிப்போரின் வேலிக்கு அந்தப்பக்கமும் ஒன்று புதைந்து கிடந்தது. ஜெனீவாவில் பத்தெல்லியோடு வேலை செய்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியராகி, பிறகு சோவியத் நாட்டுக்குப் போனவர் லினா ஸ்டெர்ன். அவரது நிறுவனத்தில் நாவும் குர்விச் 1939இல் மின்தேக்கியிலிருந்து ஒரே வீச்சாக நேர்மின்னோட்டத்தைப் பாய்ச்சும் முறையைக் கண்டார். அமெரிக்காவில் பயன்பட்ட மாறுமின்னோட்டத்தைவிட இது இதயத் தசைக்குப் பாதுகாப்பானது. 1946இல் இங்கிலீஷிலும் அச்சாயிற்று. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பெர்னார்ட் லவுன் அமெரிக்காவில் நேர்மின்னோட்டத்துக்கு வந்து சேர்ந்தது 1962இல். சோவியத் பெருமை பேச இதை எடுத்துக்கொள்கிற தோழர்கள் அடுத்ததையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1949இல் ஸ்டெர்ன் யூத பாசிச எதிர்ப்புக் குழு வழக்கில் கைதானார். 1952இல் அவ்வழக்கில் பதிமூன்று பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். தண்டிக்கப்பட்டவர்களில் உயிரோடு விடப்பட்டவர் அவர் ஒருவரே. குர்விச் வேறொரு கூடத்துக்குப் போனார். அதை நடத்திய நெகோவ்ஸ்கி, சாவை ஒரு நொடியாகப் பார்க்காமல் திரும்பிவரக்கூடிய ஒரு கால அளவாகப் பார்க்க வற்புறுத்தியவர். சாவை மீட்கும் அறிவியலை வளர்த்த அதே அரசு, அதே வருஷங்களில், சாவை உற்பத்தியும் செய்துகொண்டிருந்தது.

சரி, இரண்டு கைகள் போதும் என்றாச்சு. அந்தக் கைகள் யாருடையவை? 1966இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் கூட்டிய மாநாடு, மருத்துவத் துறையினருக்கு சி.பி.ஆர். பயிற்சி கொடுக்கச் சொன்னது. பொதுஜனத்துக்கும் கற்றுக்கொடுக்கலாம் என்ற பரிந்துரை அச்சில் வர 1974 ஆனது. விலா எலும்பு முறியும், தப்பாகச் செய்வார்கள் என்ற கவலைகள் இருந்தன. விலா எலும்பு முறியத்தான் செய்யும். ஆனால் ஒன்றும் செய்யாவிட்டால் ஆள் செத்திருப்பான் என்பதை அந்தக் கவலை கணக்கில் எடுக்கவில்லை. நார்வேயிலோ 1960களின் தொடக்கத்திலேயே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களுக்கு ஒரு பொம்மை கிடைத்திருந்தது.

அந்தப் பொம்மையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஸ்டாவாங்கர் நகரின் பொம்மை வியாபாரி ஆஸ்முண்ட் லேர்டால் 1960இல் பயிற்சிக்காகச் செய்தது அது. பெயர் ஆன். முகம், ஸேன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு பெயரற்ற இளம்பெண்ணின் முகமூடியிலிருந்து வார்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பாரிஸ் கடைகளில் விற்ற முகமூடி. வீடுகளில் அலங்காரமாகத் தொங்கியது, ரில்கே எழுதியிருக்கிறார். உண்மையில் பிணத்தின் முகமா, உயிருள்ள மாடலின் முகமா என்ற சந்தேகம் இன்றும் தீரவில்லை. ஆண்கள் ஆண் பொம்மையில் வாய்வைக்கத் தயங்குவார்கள் என்பதால் பெண் முகம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இருநூறு வருஷ அருவருப்பு இப்படித்தான் தீர்த்துவைக்கப்பட்டது: அழகான, வெள்ளையான, எதிர்ப்பேதும் சொல்லாத, ஏற்கெனவே செத்துப்போன ஒரு பெண். முகம் பெண்ணுடையது, ஆனால் மார்பு தட்டையானது. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பொது இடத்தில் விழுந்த ஆண்களில் 45 சதவீதம் பேருக்கு அருகிலிருந்தவர்கள் சி.பி.ஆர். செய்திருந்தார்கள், பெண்களில் 39 சதவீதம். பெண்ணின் மார்பில் கைவைக்கும் தயக்கத்தை அந்தத் தட்டைப் பொம்மை உடைக்கவே இல்லை.

பிறகு மீண்டும் கருவிகளின் காலம். கை களைத்துப்போகும் என்பது நிஜம். நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை, ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழம், ஒவ்வொரு தடவையும் மார்பு முழுதாக எழும்ப விடவேண்டும். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறச்சொல்கிறார்கள். அத்தனை செய்தும் இயல்பான ரத்த ஓட்டத்தில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் கிடைக்கும். அப்படியென்றால் இயந்திரம் அழுத்தட்டுமே? 1960களிலேயே அப்படி இயந்திரம் வந்துவிட்டது. 1990இல் கலிபோர்னியாவிலிருந்து ஒரு விநோதச் செய்தி மருத்துவ இதழில் வெளியானது. வீட்டில் விழுந்த ஒருவரின் மார்பில், கக்கூஸ் அடைப்பெடுக்கும் ரப்பர் கப்பு வைத்த கம்பால் குடும்பத்தார் அழுத்தி இழுத்து அழுத்தி இழுத்து உயிரைக் கொண்டுவந்திருந்தார்கள். அமுக்குவதோடு மேலே இழுப்பதும் சேர்ந்தால் மார்புக்குள் உறிஞ்சல் உண்டாகி ரத்தம் திரும்பி வருவது கூடுகிறது. கக்கூஸ் கம்பு சீக்கிரமே காப்புரிமை பெற்ற கைப்பிடியாயிற்று. மூச்சுக்குழாயில் பொருத்தும் வால்வு ஒன்றும் சேர்ந்தது. 2011இல் வெளியான ஆய்வொன்றில் இரண்டும் சேர்ந்தபோது மூளைச் சேதமின்றிப் பிழைத்தவர்கள் 6லிருந்து 9 சதவீதமானார்கள். அதே வருஷம் வெளியான இன்னொரு பெரிய ஆய்வில் வால்வு மட்டும் எந்த வித்தியாசத்தையும் காட்டவில்லை.

முழு இயந்திரங்களின் கதை இன்னும் சங்கடமானது. மார்பைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கும் கருவியைச் சோதித்த ஆய்வு 2006இல் பாதியில் நிறுத்தப்பட்டது. கருவிப் பிரிவில் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்கள் 5.8 சதவீதம், கைப் பிரிவில் 9.9. ஸ்வீடனில் உருவான லூகாஸ் என்ற உந்து இயந்திரத்தை பிரிட்டனில் 4471 பேரிடம் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். முப்பது நாளுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் இயந்திரப் பிரிவில் 6 சதவீதம், கைப் பிரிவில் 7. கருவியை உடம்பில் மாட்டுகிற நேரத்தில் ரத்தம் நிற்கிறது என்பது ஒரு விளக்கம். ஓடுகிற ஆம்புலன்ஸில் நின்றுகொண்டு அழுத்த முடியாதபோது இயந்திரத்துக்கு இடமுண்டு, அதை மறுக்கவில்லை. களைக்காத இயந்திரம் களைக்கும் கையை வெல்லும் என்று எல்லோரும் நம்பியது நடக்கவில்லை, அவ்வளவுதான்.

வாயும் மறுபடி விலகியது. எய்ட்ஸ் பயம் பரவிய 1980களுக்குப் பின் அந்நியர் வாயில் வாய்வைக்க மருத்துவர்களே தயங்கினார்கள். 2008இல் அமெரிக்க இதயச் சங்கம் பயிற்சியற்றவர்கள் கையால் மட்டும் அழுத்தினால் போதும் என்றது. திடீரென்று இதயம் நின்ற பெரியவர்களுக்கு இது சரிதான். முதல் நிமிஷங்களில் ரத்தத்தில் ஆக்ஸிஜன் மிச்சமிருக்கும். மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மூச்சு வேண்டும். இந்த அறிவியல் தொடங்கியதே மூழ்கியவர்களிடம் என்பதை நினைத்தால் எங்கே வந்து நிற்கிறோம் என்று தெரியும். 2020இல் கொரோனா வந்தபோது விழுந்தவரின் வாயைத் துணியால் மூடச் சொன்னார்கள். அருகில் நிற்கும் ஆட்களைக் குறைக்க, ஆஸ்பத்திரிகளில் இயந்திரத்தைப் பயன்படுத்தலாம் என்றார்கள். அப்போது பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனாலும் 1782இன் துருத்தி எனக்கு ஞாபகம் வந்தது.

கருவி வெறுப்பாக இதைப் படித்துவிடக் கூடாது. மின்னதிர்ச்சிக் கருவிக்கு மாற்று கிடையாது. தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பில் ஏழிலிருந்து பத்து சதவீதத்தைத் தின்கிறது. ஆனால் அது எங்கே வைக்கப்படுகிறது? 2000இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு அமெரிக்காவின் சூதாட்ட விடுதிகளில் நடந்தது. காவலாளிகளுக்குக் கருவியும் பயிற்சியும் கொடுத்தார்கள். மூன்று நிமிஷத்துக்குள் மின்னதிர்ச்சி கிடைத்தவர்களில் 74 சதவீதம் பிழைத்தார்கள். எந்நேரமும் கேமரா கண்காணிக்கிற இடம் அது, பணத்தைக் கண்காணிக்க. உடம்பு விழுவதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

சூதாட்ட விடுதிக்கு வெளியே? 2012இல் வந்த ஆய்வுப்படி, வருமானம் குறைந்த கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் விழுந்தவருக்கு அருகிலிருப்பவர் சி.பி.ஆர். செய்யும் வாய்ப்பு, வசதியான வெள்ளையர் பகுதியில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. பயிற்சி இல்லாததுதான் காரணம் என்று சொல்லலாம். ஆனால் 2022இல் இன்னொன்று வந்தது. பொது இடத்தில் விழுந்த வெள்ளையர்களில் 60 சதவீதம் பேருக்கு உதவி கிடைத்தது, கறுப்பின, ஹிஸ்பானிக் மக்களில் 45.6 சதவீதம் பேருக்கு. வீட்டிலும் இடைவெளி உண்டு, வெளியில் அது இன்னும் அதிகம். உதவிக்கு ஆளிருக்கும் இடத்தில்தான் வித்தியாசம் கூடுகிறது.

இந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் என் மனசு 1967இன் பிட்ஸ்பர்க்குக்குப் போகிறது. அதற்குள் சாஃபர் அங்கே பேராசிரியர். முந்தின வருஷம் ஆஸ்துமாவில் மகளைப் பறிகொடுத்தவர். அந்நாளில் அமெரிக்காவில் நோயாளியைத் தூக்கிப்போவது போலீஸ் வண்டி, இல்லாவிட்டால் பிணவண்டி. ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பினப் பகுதிக்கு அதுவும் நிச்சயமில்லை. ஃப்ரீடம் ஹவுஸ் என்ற கறுப்பின அமைப்போடு சேர்ந்து, வேலைக்கு லாயக்கற்றவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட அப்பகுதி இளைஞர்களுக்குச் சாஃபர் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தார். மூச்சுவழி திறப்பது, மார்பை அழுத்துவது, ஓடும் வண்டியில் சிகிச்சை தருவது எல்லாம். ஆஸ்பத்திரிக்கு வெளியே அந்தத் தரத்தில் வேலை செய்தவர்கள் அன்று நாட்டிலேயே வெகு சிலர். அவர்களது மருத்துவ இயக்குநரான நான்ஸி கரோலைன் அந்த அனுபவத்திலிருந்துதான் நாடு முழுமைக்குமான பாடத்திட்டத்தை எழுதினார். இன்று உலகெங்கும் 'பாராமெடிக்' என்று சொல்கிறோமே, அந்த உருவம் வார்க்கப்பட்ட இடங்களில் இது முக்கியமானது.

1975இல் நகராட்சி தன் சொந்த ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. எடுத்துக்கொள்ளப்பட்ட கறுப்பினத்தவரில் பலர் தங்களைவிட அனுபவம் குறைந்த வெள்ளையர்களுக்குக் கீழே வைக்கப்பட்டார்கள். ஒவ்வொருவராக வெளியேறினார்கள். நீடித்துத் துணைத் தலைவர் பதவிவரை வந்த ஜான் மூன் போன்ற சிலர் பின்னாளில் அந்த நாட்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அதில் ஒன்று: மூச்சு திணறிக் கிடந்த நிலையிலும் வெள்ளை நோயாளிகள் சிலர், நீங்கள் என்னைத் தொடக் கூடாது என்று சொன்னார்கள்.